வைத்தி அண்ணன் சொன்ன விலை

வேன் ஆறு பதினெட்டுக்குக் கிளம்பியது. ஆறேகாலுக்கு என்றுதான் ரெங்கநாயகி சொல்லியிருந்தாள். முப்பத்தொரு வருஷம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்த மாசிலாமணிக்கு அந்த மூன்று நிமிஷம் எங்கே போனது என்று நன்றாகத் தெரியும், ஏனென்றால் மூன்றாவது மாடி பால்கனியில் பல் தேய்க்கிற சாக்கில் நின்று எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு பெண்களும் பைகளோடு வேனைச் சுற்றி நின்றார்கள். டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்ட வைத்திலிங்கம் மறுபடி இறங்கி வந்து, ரெங்கநாயகியின் கையிலிருந்த கட்டைப்பையை வாங்கி உள்ளே வைத்து, கதவை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டு, அவள் ஏறி உட்காருகிற வரைக்கும் நின்றுவிட்டு, அதற்கப்புறம்தான் தன் சீட்டுக்குப் போனார். மற்ற ஐந்து பேருக்கும் திறந்திருந்த மட்டுக்குக் கதவு போதுமானதாகத்தானே இருந்தது, இவளுக்கு மட்டும் என்ன. முட்டி வலி. ஆமாம், அவளுக்கு முட்டி வலி, காலை அகட்டி வைத்து ஏற முடியாது. சரி, அவளுக்கு முட்டி வலி என்பது இந்த ஆளுக்கு எப்படித் தெரியும்? அவளே சொல்லியிருப்பாள். பருப்பு விலைக்கும் மிளகாய் விலைக்கும் நடுவில் எந்த இடத்தில் முட்டி வந்திருக்கும்? வாயில் நுரை காரமாக ஏறியது. துப்பிவிட்டு உள்ளே வந்தார். மேஜையில் ஹாட்பாக்ஸில் நான்கு இட்லி வைத்திருந்தாள். அவள் இரண்டு இட்லியை நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தாள். "வயிறு நிறைஞ்சுதாங்க சாமான் வாங்கப் போகணும். பசியோட போனா கண்ணு கண்டதையெல்லாம் கேக்குமாம், வைத்தி அண்ணன் சொன்னாங்க." ஹாட்பாக்ஸை அவர் திறக்கவில்லை. அந்த மனுஷன் சொல்லித்தான் இந்த வீட்டில் இப்போது பசிகூட எடுக்க வேண்டும் போலிருக்கிறது.

ஒரு வருஷத்துக்கு முன்னால் திருச்சி கருமண்டபத்தில் இருக்கும் இந்த அடுக்குமாடிக்கு வைத்திலிங்கம் குடிவந்தபோது அவரை யாருக்கும் தெரியாது. முதல் மாடி, ஒற்றை ஆள், மனைவி தவறி இரண்டு வருஷம், மகன் கனடாவில், கூட்டுறவுப் பண்டகசாலை ஒன்றில் கொள்முதல் பார்த்து ரிட்டயர் ஆனவர். ஒருநாள் கீழே காரிடாரில் கீழ்வீட்டு மெகருன்னிசா புதிதாக வாங்கிவந்த துவரம்பருப்பைப் புடைத்துக்கொண்டிருந்தாளாம், இந்த ஆள் மாடிப்படி ஏறப்போனவர் நின்று ஒரு கை அள்ளி, ஒரு பருப்பை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்து, "ஈரம் இருக்கும்மா. தண்ணிக்கும் சேத்துக் காசு குடுத்திருக்கீங்க" என்றாராம். அவ்வளவுதான், ஒரு பருப்பைக் கடித்த சத்தம், அது ஆறு வீட்டுக்கும் கேட்டுவிட்டது. அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை வேன் பிடித்துக் காந்தி மார்க்கெட்டுக்குப் போனார்கள். மொத்தமாக வாங்கி மொட்டைமாடியில் பிரித்துக்கொண்டார்கள். அன்றைக்குப் பருப்புப் பையை இறக்கி வைத்துவிட்டு ரெங்கநாயகி முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி அந்த வாக்கியத்தைச் சொன்னாள். "கிலோவுக்குப் பன்னெண்டு ரூபா கம்மிங்க. முப்பது வருஷமா நீங்க ஏமாந்துக்கிட்டுத்தான் இருந்திருக்கீங்க போல." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சண்டைக்குச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், சிரித்ததுதான் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. முப்பது வருஷம் சைக்கிளிலும், பிறகு மொபெட்டிலும், முதல் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதே மார்க்கெட்டுக்குப் போய், நாலு கடை ஏறி இறங்கி, அரை ரூபாய்க்கு முக்கால் மணி நேரம் நின்று வாங்கிவந்தவர் அவர். டிப்போவில் அவரிடம்தான் மற்றவர்கள் விலை கேட்பார்கள். வீட்டுக்கு ஒரு சேமிப்பு என்று இருந்தால் அது தன் தொடைச்சதையிலிருந்து மிதித்து எடுத்தது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை, சொல்ல வேண்டிய அவசியம் இல்லை என்று நினைத்திருந்தார். ஏமாந்துக்கிட்டு. இருந்திருக்கீங்க. போல. அந்தப் 'போல'தான் கொஞ்சம் இரக்கம் காட்டியது.

குளிக்கப் போனால் அங்கேயும் வைத்திலிங்கம் இருந்தார். சோப்பை வாங்கியதும் உறையைப் பிரித்து அலமாரியில் பத்து நாள் காயவைத்துவிட வேண்டும், அப்போதுதான் தண்ணீரில் சீக்கிரம் கரையாது, இதுவும் அண்ணன் சொன்னதுதான். அதனால் இப்போதெல்லாம் சோப்பு கல் மாதிரி இருக்கிறது, நுரை வருவதற்குள் தோள் சிவந்துவிடுகிறது. மார்பில் அந்தக் கல்லைத் தேய்க்கும்போது அவருக்கு அந்த ஆள் பாத்ரூமுக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது போலவே இருக்கும். அரிசி டப்பாவைத் திறந்தால் காய்ந்த வேப்பிலை, அண்ணன். பருப்பில் விளக்கெண்ணெய்ப் பிசுக்கு, அண்ணன். எண்ணெய் பாக்கெட்டை வெட்டிக் கவிழ்த்து இட்லித்தட்டின் மேல் வடியவைத்திருப்பது, அண்ணன். அண்ணன் அண்ணன் என்கிறாளே, அப்படிக் கூப்பிடுவதால் எல்லாம் சரியாகிவிடுமா? மகள் ஓசூரிலிருந்து போன் செய்தபோது, "அம்மா குரலே மாறிடுச்சுப்பா, எவ்வளவு பேசுறாங்க" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். அவர் போனை வைத்துவிட்டு, தன்னிடம் அன்றைக்குக் காலையிலிருந்து என்ன பேசினாள் என்று எண்ணிப் பார்த்தார். தண்ணி வந்துருச்சு. மாத்திரை போட்டீங்களா. தலையைத் துவட்டும்போது கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். காதோரம் நரை, மூக்கின் இரண்டு பக்கமும் கோடு, வைத்திலிங்கத்தை விட மூன்று வயது சின்னவர், யாரும் சொல்ல மாட்டார்கள். சட்டையை மாட்டியபோதுதான் அது வெளியே போகிற சட்டை என்று தெரிந்தது. சரி, மாட்டியாகிவிட்டது. செருப்பு தேய்ந்துபோயிருக்கிறது, மார்க்கெட் பக்கம் செருப்புக் கடை இருக்கிறது, யாராவது கேட்டால் செருப்பு வாங்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். யார் கேட்கப் போகிறார்கள்.

பஸ் ஆறு ஐம்பத்திரண்டு. ஜன்னலோரம் கிடைத்தது. கண்டக்டர் சின்னப் பையன், இவரை அடையாளம் தெரியவில்லை, ரிட்டயர் ஆகி இரண்டே வருஷம், அதற்குள் சட்டைப்பையிலிருந்து டிக்கெட் காசை எடுத்து நீட்டுகிற ஆளாகிவிட்டார். சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டில் ஐந்து நிமிஷம் நின்றது, மூன்று நிமிஷத்துக்கு மேல் நிற்கக் கூடாது, அதைச் சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டார். வேன் இந்நேரம் பாலக்கரை தாண்டியிருக்கும். வேனுக்குள் என்ன பேசுவார்கள்? அந்த ஆள் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார், திரும்பித்தான் பேச வேண்டும், கழுத்தைத் திருப்பினால் நேராக யார் முகம் தெரியும், ரெங்கநாயகி எந்த சீட்டில் ஏறினாள், கதவுக்குப் பக்கத்து சீட்டு, அப்படியென்றால் அவள் முகம்தான் தெரியும். பாலக்கரை ரவுண்டானா வந்ததும் அவருக்கு எப்போதும் வருகிற ஞாபகம் வந்தது. கல்யாணமாகி இரண்டாவது வருஷம், இதே திருப்பத்தில் சைக்கிள் கேரியரில் இருந்த பை பிய்ந்து நாலு கிலோ துவரம்பருப்பும் ரோட்டில் கொட்டிவிட்டது. அவர் லாரிகளுக்கு நடுவில் உட்கார்ந்து மண்ணோடும் சரளையோடும் அள்ளிக் கைலியில் கட்டிக்கொண்டு போனார். ரெங்கநாயகி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து முறத்தில் போட்டுக் கல் பொறுக்கினாள், அந்த மாதம் முழுக்கச் சாம்பாரில் பல்லில் மண் நறநறத்தது, அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. எவ்வளவு பொறுமை என்று அவர் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். இப்போது அது பெருமையாகத் தோன்றவில்லை. ஏன் அவள் சிரிக்கவில்லை? புருஷன் நடுரோட்டில் உட்கார்ந்து பருப்புப் பொறுக்கியது சிரிப்பதற்கு உரிய விஷயம்தானே, இருபத்திரண்டு வயதுப் பெண், அவளுக்குச் சிரிக்கத் தெரியாதா, தெரியும், இந்தப் பதினோரு மாதமாகத்தான் பார்க்கிறாரே. அப்படியென்றால் அன்றைக்கு அந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைத்தாள்? இன்னொன்றும் இருந்தது, அதை அவர் யோசிக்க விரும்புவதில்லை, ஆனால் பஸ் குலுங்கும்போது அது தானாக மேலே வரும். நான் திடீரென்று போய்விட்டால் இவள் என்ன செய்வாள், ஒரு கடை தெரியாது, ஒரு விலை தெரியாது என்று முப்பது வருஷமாக அவருக்கு ஒரு பயம் இருந்தது. படுக்கும்போதெல்லாம் அந்தப் பயத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். கவலைதான், ஆனாலும் அதைப் போர்த்திக்கொண்டால் தூக்கம் வரும். இப்போது அந்தப் பயம் போய்விட்டது. என்ன செய்வாள் என்று தெரிந்துவிட்டது. இரண்டாவது சனிக்கிழமை வேன் ஏறுவாள்.

மார்க்கெட்டுக்குள் நுழைந்ததும் பசித்தது. வறுகடலை வாசனை, மிளகாய் நெடி, ஈரச்சாக்கு வாசனை, எல்லாம் சேர்ந்து வயிற்றைப் பிடித்து முறுக்கியது. அந்த ஆள் சொன்னது உண்மை, கண் கண்டதையெல்லாம் கேட்டது, பேரீச்சம்பழம் கேட்டது, வெல்லம் கேட்டது, அதற்காகவும் அவருக்குக் கோபம் வந்தது. "ஓரம் சார், ஓரம்!" மூட்டை தூக்குகிறவர்கள் முதுகில் இடித்துக்கொண்டு போனார்கள். அவர் வழக்கமாக வாங்கும் கடை வலது சந்தில், அவர்கள் போகும் நாச்சியப்பன் கடை இரண்டு சந்து தள்ளி. பூண்டு மூட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்த இடத்தில் நின்று தலையை மட்டும் நீட்டினார். அறுபது வயது, பூண்டு மூட்டைக்குப் பின்னால், யாராவது டிப்போ ஆள் பார்த்தால் என்ன நினைப்பான். பார்த்தார். ரெங்கநாயகி கடைக்குள் ஒரு சாக்குக்கு முன்னால் குந்தியிருந்தாள், முட்டி வலிக்காரி குந்தியிருந்தாள், வளையலை மேலே ஏற்றிவிட்டு முழங்கை வரைக்கும் கையைப் பருப்புக்குள் விட்டிருந்தாள். அடியிலிருந்து ஒரு பிடி எடுத்தாள். முகர்ந்து பார்த்தாள். ஒன்றை வாயில் போட்டுக் கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு, என்னவோ காதால் கேட்கிற மாதிரி தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். பிறகு அந்தப் பிடியை மறுபடி சாக்கில் போட்டு, அடுத்த சாக்கைக் காட்டி, "அதை அவுருங்க" என்றாள். கடைக்காரர் அவிழ்த்தார். அவள் சொல்லி ஒரு ஆண் ஒரு சாக்கை அவிழ்த்ததை அவர் இதுவரை பார்த்ததில்லை. வைத்திலிங்கம் பின்னால் இரண்டு தோளிலும் பைகளை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார், அவள் கடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை. பரீட்சை எழுதுகிற பிள்ளையைப் பார்க்கிற வாத்தியாரின் பார்வை என்று சொல்லிக்கொள்ளலாம், சொல்லிப் பார்த்தார், ஒட்டவில்லை. மாசிலாமணிக்கு மூக்குக்குள் மிளகாய் நெடி ஏறித் தும்மல் வந்தது. மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வழிய நின்றார், தும்மலை விழுங்கினார், காது அடைத்தது. காது திறந்தபோது அவள் சிரிப்புதான் முதலில் கேட்டது.

எடை போட்டு முடிந்தது. பருப்பு கிலோ நூற்று முப்பத்தெட்டு என்று நாச்சியப்பன் சொன்னது மூட்டைக்குப் பின்னால் வரைக்கும் கேட்டது. பெண்கள் ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்து வைத்தியிடம் பணத்தைக் கொடுத்தார்கள். "நீங்க வெங்காய மண்டிக்குப் போங்கம்மா, நான் பில் முடிச்சுட்டு வர்றேன்" என்றார் அவர். அவர்கள் பேசிக்கொண்டே பூண்டு மூட்டையைக் கடந்து போனார்கள். இவர் மூட்டையைச் சுற்றி நகர்ந்தார், ரெங்கநாயகியின் புடவை ஓரம் கைக்கெட்டும் தூரத்தில் போனது, அதில் பருப்புத் தூசி. கடையில் வைத்திலிங்கம் மட்டும் இருந்தார். பெண்கள் கொடுத்த பணத்தைக் கல்லாவில் வைத்தார். பிறகு ஒரு தடவை சந்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, சுவர்ப்பக்கமாகத் திரும்பி, சட்டைக்குள் பனியன் பையில் கைவிட்டு மடித்து வைத்திருந்த நோட்டுகளை எடுத்து அதன்மேல் வைத்தார். நாச்சியப்பன் என்னவோ சொல்லித் தலையை ஆட்டினார். வைத்திலிங்கம் பைகளைத் தூக்கிக்கொண்டு வேகமாகப் போய்விட்டார். அது என்ன பணம்? கமிஷன் என்றால் கடைக்காரர் அல்லவா கொடுக்க வேண்டும். மாசிலாமணி மூட்டைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். கடையில் ஏறி, "துவரம்பருப்பு என்ன விலை?" என்று கேட்டார். "நூத்தம்பது." "இப்பப் போனாங்களே, அவங்களுக்கு நூத்தி முப்பத்தெட்டுக்குக் குடுத்தீங்க. எனக்கும் அந்த விலைக்குக் குடுங்க." நாச்சியப்பன் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அந்த விலைக்கு எனக்கே கிடைக்காது சார். அவங்களுக்கும் நூத்தம்பதுதான். பொம்பளைங்ககிட்ட முப்பத்தெட்டுன்னு சொல்லுன்னுவாரு. மிளகாய்க்கும் அப்படித்தான், எண்ணெய்க்கும் அப்படித்தான். மிச்சத்தை அவரே கைக்காசு போட்டுக் கட்டுவாரு. மாசம் ஆயிரத்துச் சில்லறை. வேணாம் சார்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன். ஆமா, நீங்க யாரு?" நான் ஏமாறவில்லை, அதுதான் முதலில் தோன்றியது, நான் ஏமாறவே இல்லை, முப்பது வருஷமும் சரியான விலைக்குத்தான் வாங்கியிருக்கிறேன். "செருப்பு வாங்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

சந்தில் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. பசியும் சந்தோஷமும் ஒன்றாக இருந்தது. பொய் விலை. பதினோரு மாதமாகப் பொய் விலை. வீட்டுக்குப் போய்ச் சாவகாசமாகச் சொல்லலாம், காபி குடிக்கும்போது, ஒன்றும் தெரியாதவர் போல, நூத்தி முப்பத்தெட்டா ரெங்கம், நல்லா விசாரிச்சியா என்று ஆரம்பிக்கலாம். அல்லது சொல்லாமலே வைத்துக்கொள்ளலாம். மாடிப்படியில் அந்த ஆளைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளே வைத்துக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரிக்கலாம், அதுகூடப் போதும். ஆனால் எதற்காக ஒரு மனுஷன் அடுத்த வீட்டுப் பருப்புக்குத் தன் பென்ஷனிலிருந்து கொடுக்கிறான்? ஆறு வீட்டுக்கும்தானே கொடுக்கிறான். ஆறு வீட்டுக்கும் கொடுத்தால்தானே ஒரு வீட்டுக்குக் கொடுப்பது தெரியாது. பூ வாங்கிக் கொடுத்தால் ஊர் பேசும், பருப்பு விலையில் பன்னிரண்டு ரூபாய் குறைத்தால் யார் பேசுவார்கள், அவன் காசில் வாங்கின பருப்பை நான் பதினோரு மாதமாகச் சாப்பிட்டிருக்கிறேன், ரசத்தில், சாம்பாரில், உருண்டைக்குழம்பில், நல்லாருக்கே என்றுகூட ஒருநாள் சொன்னேன். வெங்காய மண்டி வாசலில் டீக்கடை. பெண்கள் மூட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தார்கள். வைத்திலிங்கம் இரண்டு கண்ணாடி கிளாஸை எடுத்துவந்து ஒன்றை மெகருன்னிசாவிடம் கொடுத்தார், மற்றதை ரெங்கநாயகியிடம் நீட்டி, "உங்களுக்குச் சக்கரை கம்மிம்மா" என்றார். அவள் வாங்கிக்கொண்டாள். சர்க்கரை கம்மியா? எப்போதிலிருந்து? வீட்டில் இவர் காபியைத்தான் அவள் போடுகிறாள், அவள் காபியை இவர் போட்டதில்லை. இரண்டு ஸ்பூன் போடுவாள் என்று நினைத்திருந்தார், ஏன் அப்படி நினைத்திருந்தார் என்றே தெரியவில்லை.

"அது அவர் காசு" என்று மாசிலாமணி சொன்னார். குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று அவர் நினைக்கவில்லை.

ஆறு பேரும் திரும்பினார்கள். ரெங்கநாயகி கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்தாள். "என்னங்க, நீங்க எங்க இங்க? வீட்ல ஏதாவது…" அவள் முகத்தில் முதலில் பயம்தான் வந்தது, அவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்கிற பயம். அதை அவர் பார்த்தார். பார்த்தும் நிறுத்த முடியவில்லை.

"நூத்தி முப்பத்தெட்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. நூத்தம்பது. நாச்சியப்பன் கடையில கேட்டுட்டுத்தான் வர்றேன். மிச்சத்தை இவரு பனியன் பையிலேர்ந்து எடுத்துக் குடுக்கறாரு. மாசாமாசம். பருப்பு, மிளகாய், எண்ணெய் எல்லாத்துக்கும். கேளுங்க, நிக்கறாருல்ல, கேளுங்க."

யாரும் கேட்கவில்லை. வைத்திலிங்கம் கேட்கப்பட்டவர் மாதிரியே நின்றார். பைகளைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார், ஒன்று சாய்ந்தது, குனிந்து அதை நிமிர்த்தினார். "மொத மாசம் நான் சொன்ன விலை தப்பாப் போச்சும்மா" என்றார், பையைப் பார்த்தபடியே. "நான் வேலையில இருந்தப்போ வாங்கின கணக்குல, இந்த விலைக்கு வாங்கித் தர்றேன்னு உங்ககிட்டல்லாம் சொல்லிட்டேன். இங்க வந்து கேட்டா அது இல்ல. வேன் பேசி எல்லாரையும் கூட்டிட்டு வந்துட்டேன். எப்படிச் சொல்றது. அப்புறம், ஒரு தடவை கொறைச்சா ஏத்த முடியல."

"அப்ப நாங்க உங்க காசுலயா சாப்பிட்டோம்ணே?" மெகருன்னிசா கேட்டாள். புஷ்பலதா என்ற சின்னப் பெண், கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகிறது, "எங்க வீட்ல தெரிஞ்சா என்னை இனிமே விடவே மாட்டாங்க" என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். டீக்கடைக்காரர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். மாசிலாமணி தான் எதிர்பார்த்த அந்த நிமிஷத்துக்குள் நின்றுகொண்டிருந்தார், அது இப்படி இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை, அதற்குள் உட்கார ஒரு இடமும் இல்லை.

ரெங்கநாயகி அவரைப் பார்த்தாள். சத்தம் போடாமல் கேட்டாள். "இதைச் சொல்லத்தான் வந்தீங்களா?"

"செருப்பு…" என்றார் அவர்.

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. டீயை ஒரே மடக்கில் குடித்து கிளாஸை வைத்தாள். "வாங்க எல்லாரும்" என்று பெண்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு நடந்தாள், வந்த வழியாகவே, முட்டியை லேசாக இழுத்துக்கொண்டு. ஐந்து பேரும் பின்னால் போனார்கள். இரண்டு ஆண்களும் பைகளோடு கடைசியில் போனார்கள், ஒருவரையொருவர் பார்க்காமல், ஒரே சந்தில் ஒரே வேகத்தில். நாச்சியப்பன் கடைக்கு முன்னால் அவள் படியேறவில்லை, கீழேயே நின்றாள். "அண்ணாச்சி, எங்க சாமானைத் திருப்பி இறக்கணுமா, இல்ல விலை பேசுவோமா?" என்றாள். நாச்சியப்பன் வைத்திலிங்கத்தைப் பார்த்தார், பிறகு மாசிலாமணியைப் பார்த்தார், புரிந்துகொண்டு நெற்றியைத் தேய்த்தார். "நான் ஏமாத்தலம்மா. நூத்தம்பதுதான் விலை." "அது ஒரு கிலோ, ரெண்டு கிலோ வாங்கறவங்களுக்கு. நாங்க ஆறு வீடு. பருப்பு மட்டும் அரை மூட்டை. பதினோரு மாசமா ஒரு நாள் கடன் சொல்லியிருக்கமா? இப்ப நான் அடுத்த சாக்கை அவுக்கச் சொன்னேன், எதுக்கு? முன்னால வச்ச சாக்குல அடிப்பருப்பு நமுத்திருந்துச்சு. அதை வேற யார் தலையிலயாவது கட்டுவீங்க, நான் ஒண்ணும் சொல்லல. எங்களுக்கு நல்ல விலை சொல்லுங்க." "நூத்தி நாப்பத்தெட்டு." "நாச்சியப்பண்ணே." "நாப்பத்தேழு, அதுக்குக் கீழ…" "அடுத்த மாசம் எங்க பக்கத்து பில்டிங்கிலேர்ந்து இன்னும் நாலு வீடு வருது. முழு மூட்டையா எடுக்கறோம். மூட்டை விலை சொல்லுங்க. இல்லாட்டி வலது சந்துல எங்க வீட்டுக்காரர் முப்பது வருஷமா வாங்கின கடை இருக்கு, அங்க போறோம், அவருக்கு அங்க எல்லாரையும் தெரியும்." மாசிலாமணி நிமிர்ந்தார். தன்னைச் சொல்கிறாள். அவருக்குக் கண் கரித்தது, மறுநிமிஷமே அது ஒரு பேரப் பேச்சு என்று தெரிந்தது, தராசில் போடுகிற ஒரு கல்லைப் போல அவள் தன்னை எடுத்து வைத்திருக்கிறாள், காரியம் முடிந்ததும் எடுத்துவிடுவாள். "நாப்பத்திமூணு. கடைசி" என்றார் நாச்சியப்பன். மிளகாய்க்கும் எண்ணெய்க்கும் தனித்தனியாகப் பேசினாள். மெகருன்னிசா நடுவில் புகுந்து உளுந்துக்கு இரண்டு ரூபாய் குறைத்தாள். புஷ்பலதாகூட, "கடுகு?" என்று மெதுவாகக் கேட்டாள். மிச்சத் தொகையைப் பெண்களே பிரித்துப் போட்டு, வைத்திலிங்கத்தின் நோட்டுகளை நாச்சியப்பனிடமிருந்து வாங்கி, ரெங்கநாயகி அதை அவர் கையில் வைத்தாள். "பழசு எவ்வளவுன்னு எழுதிக் குடுங்கண்ணே. கொஞ்சம் கொஞ்சமாத் தந்துடறோம்." "எழுதி வைக்கலம்மா." "அப்ப ஞாபகப்படுத்தி எழுதுங்க. அடுத்த மாசம் ரெண்டாவது சனிக்கிழமை, ஆறேகால். லேட் பண்ணாதீங்க."

வேனில் சாமான் ஏற்றியதும் பின்னால் ஆறு பெண்களைத் தவிர இன்னொரு ஆளுக்கு இடமில்லை. ரெங்கநாயகி மாசிலாமணியைப் பார்த்து, "பஸ்ஸுக்கு நிக்காதீங்க, முன்னாடி ஏறுங்க" என்றாள், பஸ்ஸையே பார்க்காதவர்களிடம் சொல்வது போல. டிரைவருக்குப் பக்கத்தில் வைத்திலிங்கம் நகர்ந்து நடுவில் உட்கார்ந்தார், கியர் கம்பி அவர் காலுக்கு நடுவில் வந்தது. மாசிலாமணி கதவோரம் ஏறினார். மடியில் மிளகாய்ப் பையை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். தொடையோடு தொடை ஒட்டியது. கல்லாகக் காய்ந்த அதே சோப்பின் வாசனை பக்கத்திலிருந்து வந்தது. வேன் கிளம்பியது, எட்டு நாற்பது. மார்க்கெட் தெருவைத் தாண்டியதும் வைத்திலிங்கம் மெதுவாகச் சொன்னார். "நீங்க சொன்னது நல்லதாப் போச்சு சார். எனக்கும் கையில இல்ல. போன மாசம் மோதிரத்தை வச்சேன்." மாசிலாமணி மிளகாய்ப் பையின் வாயை இறுக்கிப் பிடித்தார். மோதிரம். மனைவி போட்டதாக இருக்கும். கேட்கலாமா. கேட்டால் இந்த ஆளை வெறுக்க முடியாமல் போய்விடும். வெறுப்பதற்கு இனிமேல் என்ன இருக்கிறது, தான் இவரைத் திட்டிக்கொண்டிருந்தபோது அவளே இரண்டு பேரையும் தாண்டிப் போய்விட்டாள், பன்னிரண்டு ரூபாய்க்குப் பதில் ஏழு ரூபாய், ஆனால் அந்த ஏழும் நிஜம். முப்பது வருஷத்தில் அவர் ஒரு தடவைகூடக் கடை விலையில் ஏழு ரூபாய் குறைத்து வாங்கியதில்லை. பெருமைப்பட வேண்டியதுதான். பெருமைப்பட்டுப் பார்த்தார், அந்தப் பழைய எரிச்சலே திரும்பி வந்தது, இந்த முறை எந்த ஆளின் பேரும் இல்லாமல். பாலக்கரை ரவுண்டானாவில் வேன் திரும்பியபோது பின்னால் ரெங்கநாயகி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள், நீளமாக, நடுநடுவே குரலைத் தாழ்த்தி, மற்றவர்கள் "அப்புறம்? அப்புறம்?" என்றார்கள். திடீரென்று ஆறு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். புஷ்பலதா மூச்சுத் திணறி, "அக்கா, போதும்க்கா" என்றாள். அவர் திரும்பிப் பார்க்க முயன்றார், கதவுக்கும் பைக்கும் நடுவில் கழுத்து திரும்பவில்லை. பக்கத்தில் வைத்திலிங்கமும் அசையாமல், தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன சொல்றா?" என்று மாசிலாமணி கேட்டார்.

"எனக்கும் கேக்கல சார்" என்றார் வைத்திலிங்கம்.